வாள் கரையேறு படலம்

பாயிரம்

நீரில் வீழ்ந்த பழவாளை மீட்டுக் காக்கும் முறையை உரைப்பது இச்சிறுநூல். இதற்கு நிலம் லண்டன், நீர் தேம்ஸ், கேட்போர் தமிழர். லண்டன் தமிழருக்கு வாள் மீட்கும் கல்வி எதற்கு என வினவுவாரும் உளர். ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் குடியிருக்கும் பெற்றோர் மழை பெய்யும் ஞாயிறுகளில் பிள்ளைகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். நுழைவுக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு காரணம், மழை இன்னொன்று. அங்கே கண்ணாடிக்குள் கிடக்கும் வாளைப் பார்த்து, "இதை ஏம்ப்பா ஆத்துல போட்டாங்க? போட்டதை ஏன் திரும்ப எடுத்தாங்க?" என்று பிள்ளை கேட்கும். முதற்கேள்விக்கு அறிஞர்கள் மூன்று விடைகள் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு விடையும் இல்லை. ஆனால் சட்டம், வேதியியல், காவலர், மின்கட்டணம் ஆகிய நான்கும் இருக்கின்றன. அவற்றை முறையே கூறுவாம்.

1. வீழ்ச்சி இயல்

வாள் நீரில் வீழும் வகை மூன்று என்ப: போரில் வீழ்தல், கரை அரிபட வீழ்தல், வேண்டுமென்றே இடப்படுதல்.

போர்க்கொள்கையே மூத்தது. 1850-களில் செல்சீ பாலம் கட்ட ஆற்றைத் தோண்டியபோது படைக்கலங்களும் மனித எலும்புகளும் சேர்ந்து வெளிவந்தன. ஜூலியஸ் சீசரின் படை தேம்ஸைக் கடந்த போர்க்களம் இதுவே எனச் சிலர் அன்றே முடிவு கட்டினர். சீசர் அந்த ஆற்றைக் கடந்தது கிமு 54-இல். தேம்ஸ் தந்திருக்கும் வெண்கல வாள்களில் பல, கிமு 1000-க்கும் 800-க்கும் இடைப்பட்டவை. போர்க்கொள்கையைக் கடைசிவரை பின்பற்றினால், அவ்வீரர்கள் தம் பகைவன் பிறப்பதற்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே அவனோடு பொருது தோற்றவர் ஆவர். படைகளின் முன்னேற்பாட்டுக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

கரையரிப்புக் கொள்கை அடக்கமானது. கரையோரக் குடியிருப்பும் இடுகாடும் காலப்போக்கில் அரிபட்டு ஆற்றோடு போயின என்பது அது. தேம்ஸ் அரிக்காத ஆறன்று. லண்டன் பாலத்தருகே ஓதம் ஏறும்போது நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, அதுவும் நாளுக்கு இரண்டு முறை. ஆனால் அரிக்கும் ஆறு வாளை மட்டும் பொறுக்கி அரிப்பதில்லை. படகு கவிழ்ந்து வீழ்ந்தன என்பாருக்கும் இதே மறுப்புப் பொருந்தும். அக்காலத்து வெண்கலக் கோடரிகள் பெரும்பாலும் நிலத்தில் புதைந்த குவியல்களில் கிடைக்கின்றன. வாள்களும் வேல்முனைகளும் ஆற்றில் கிடைக்கின்றன. தச்சன் ஏறிய படகுகள் கரை சேர்ந்தன, வீரன் ஏறியவை மட்டும் தவறாமல் கவிழ்ந்தன என்று கொள்ள எந்தப் படகோட்டியும் இசையமாட்டான்.

எஞ்சியது மூன்றாவது. தொல்லியலாளர் ரிச்சர்ட் பிராட்லி 1990-இல் வெளியிட்ட நூலில் இதை விரித்துரைத்தார்: ஐரோப்பாவின் வெண்கல வாள்கள் நீருக்குக் கொடையாக இடப்பட்டவை. அக்கொடையின் சிறப்பு, திரும்ப எடுக்க முடியாமை. ஒருவன் தன் செல்வத்தை ஊர் பார்க்க ஆற்றில் எறிந்தால், அவனை விஞ்ச நினைப்பவன் அதனினும் பெரியதை எறிய வேண்டும். லண்டன் வாக்ஸ்ஹால் அருகே, கிமு 1500-ஐ ஒட்டி ஆற்றுக்குள் நாட்டிய பெருமரத் தூண்களின் அடிப்பகுதிகள் ஓதம் வற்றும்போது இன்றும் தலைகாட்டும். 1990-களில் அவற்றை ஆய்ந்தபோது அருகே இரண்டு வெண்கல வேல்முனைகள் அகப்பட்டன. பாலமோ துறையோ, நடுவாற்றில் நின்று ஏதோ ஒன்றைக் கொடுக்க அக்காலத்தார் வசதி செய்து வைத்திருந்தார்கள்.

தமிழருக்கு இது புதிதன்று. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளைச் சுற்றி இரும்புப் படைக்கலங்கள் முனை கீழாக நின்றதைக் கண்டு, இறந்தவரின் சுற்றத்தார் அவற்றை மண்ணில் குத்திச் சென்றிருக்கலாம் என எழுதினார். அவர்கள் நீருக்குக் கொடுத்தார்கள், நாம் நிலத்துக்குக் கொடுத்தோம். வாங்கிய இருவருமே ரசீது தரவில்லை.

நீருக்குக் கொடுக்கும் வழக்கம் தேம்ஸில் இன்னும் அற்றுப்போகவில்லை. ஓதம் வற்றிய கரையில் நடப்போர் கையில் பிள்ளையாரும் அகல்விளக்கும் தேங்காயும் அடிக்கடி அகப்படுகின்றன. கங்கைக்குப் போக விடுப்புக் கிடைக்காதவர்கள் அவற்றை இட்டவர்கள். வெண்கலக் காலத்தான் இட்ட வாள் நாட்டின் மரபுச் செல்வம்; நம்மவர் இட்ட தேங்காய் ஆற்றுக் குப்பை. இரண்டுக்கும் இடையே மூவாயிரம் ஆண்டுப் பொறுமை ஒன்றே குறைகிறது.

இங்கே ஒரு தடை எழும்: ஆங்கிலேயரின் கதை மரபிலும் வாளை நீரில் எறிதல் உண்டே என்பது. உண்டு. சாகும் தறுவாயில் ஆர்தர் மன்னன் தன் வாளை ஏரியில் எறிந்துவரச் சொல்லிப் பெடிவியர் என்னும் வீரனை அனுப்பினான். வாளின் கைப்பிடி அழகில் மயங்கிய பெடிவியர் அதை ஒளித்து வைத்துவிட்டு, எறிந்தாயிற்று என்று இருமுறை பொய் சொன்னான். மூன்றாம் முறைதான் எறிந்தான். கதை சொல்வோர் அவனை நம்பிக்கைத் துரோகி என்பர். அழகிய பொருளை நீருக்குக் கொடுக்க மனம் வராமல், உரியவன் சொல்லை மீறி, தனியிடத்தில் பத்திரப்படுத்திய முதல் ஆள் அவன் என்பதால், அருங்காட்சியகக் காப்பாளர்கள் குலமுதல்வன் என்று அவனைக் கொள்வதே முறை.

2. மீட்சி இயல்

வாள் கரையேறும் வகையும் மூன்று: பாலம் கட்டுதல், ஓதம் வற்றுதல், பொய் சொல்லுதல். மூன்றுக்கும் 1857-ஆம் ஆண்டு நல்யோகம் உடையது. அவ்வாண்டு ஆங்கிலேயர் பலர் டெல்லியிலும் லக்னோவிலும் வாளோடு இருந்ததால், ஊரில் மிஞ்சியவர்கள் ஆற்றில் வாள் தேடும் வாய்ப்புப் பெற்றார்கள்.

செல்சீ பாலத்துப் பணியாளர் அவ்வாண்டு கண்டெடுத்தது பேட்டர்சீ கேடயம். சிவப்புக் கண்ணாடி பதித்த வெண்கலத் தகடுகளால் ஆனது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தகடு மிக மெல்லியது. வாளின் முதல் வீச்சையே தாங்காது. போருக்குப் பயன்படாத கேடயம் போரில் வீழ்ந்திருக்க முடியாது ஆதலின், முன் இயலில் கூறிய மூன்றாம் கொள்கைக்கு இதுவும் துணை.

அதே ஆண்டு பேட்டர்சீ அருகே ஹென்றி பிரிக்ஸ் என்னும் கூலித் தொழிலாளி ஒற்றைக்கூர் வாள் ஒன்றை ஆற்றிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்துக்கு விற்றார். நீளம் 72 செ.மீ. இரும்பு அலகில் செம்பும் வெண்கலமும் வெள்ளியும் கம்பிகளாக இழைத்த, ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் வேலை. அதில் பியாக்னோத் என்ற பெயர் இருக்கிறது. அவன் வாளுக்கு உரியவனா, வாளைச் செய்தவனா என்பது தெளிவில்லை. பெயரோடு அக்காலத்து ரூனிக் நெடுங்கணக்கு 28 எழுத்தும் முழுமையாக இருக்கிறது. முழு எழுத்து வரிசையும் பொறித்த பொருளாகக் கிடைத்தது இது ஒன்றே. ஆனால் வரிசையில் பிழை உண்டு: சில எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன, சில வடிவம் கோணியிருக்கின்றன.

பகைவன் தலைக்குமேல் ஓங்கும் வாளில் எழுத்து வரிசை எதற்கு? மந்திர ஆற்றலுக்காக என்பர் பலர். பிழையான மந்திரம் பலிக்குமா என்பதற்கு அவ்வாள் ஆற்றில் கிடந்ததே விடை என்பர் சிலர். எவ்வாறாயினும், எழுத்து வரிசையைத் தப்பாக எழுதிய ஒருவன் ஆயிரம் ஆண்டுக்குப் பின் அவ்வரிசைக்கே முதற்சான்று ஆனான் என்பது, தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

இனி மூன்றாம் வகை. தேம்ஸ் சேற்றில் கண்டதைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன். ஊரார் வாயில் பில்லி, சார்லி. சேறு போதிய அளவு தராதபோது அவர்களே வார்க்கத் தொடங்கினார்கள். ஈயத்திலும் மட்டமான உலோகக் கலவையிலும் பதக்கம், சிலை, குத்துவாள் என்று ஆயிரக்கணக்கில் வார்த்து, ஷாட்வெல் துறைமுகக் கட்டுமானத்தில் தோண்டி எடுத்ததாகச் சொல்லி விற்றார்கள். இருவருக்கும் எழுத்தறிவு இல்லை. எனவே பொருள்களில் உள்ள எழுத்துகள் எம்மொழியிலும் படிக்க வராதவை. ஆண்டு மட்டும் தெளிவாக இருந்தது: இங்கிலாந்தில் இன்றைய எண்கள் வழக்குக்கு வருமுன்னரே, பதினோராம் நூற்றாண்டை இன்றைய எண்களில் பொறித்திருந்தார்கள்.

1858-இல் தொல்பொருள் அறிஞர் ஒருவர் இவை போலி என்று பேசினார். ஓர் ஏடு அதை வெளியிட்டது. அவற்றை விற்ற வியாபாரி ஜார்ஜ் ஈஸ்ட்வுட் ஏட்டின் மேல் அவதூறு வழக்குத் தொடுத்தார். புகழ்பெற்ற தொல்லியலாளர் சார்லஸ் ரோச் ஸ்மித் கூண்டேறி, பொருள்கள் மெய்யானவை என்று சாட்சி சொன்னார். ஏமாற்றக் கிளம்பியவன் இவ்வளவு மோசமாகச் செய்யமாட்டான் என்பது அக்கட்சியார் வாதத்தின் சாரம். ஈஸ்ட்வுட்டின் பெயரை ஏடு குறிப்பிடவில்லை என்பதால் வழக்குத் தோற்றது. வழக்குப் பற்றிய செய்தியால் வியாபாரம் வென்றது. அவ்விருவரின் பொருள்கள் இன்று லண்டன் அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் மெய்யான போலிகளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

3. உரிமை இயல்

இன்று ஓதம் வற்றிய தேம்ஸ் கரையில் எவரும் இறங்கி நடக்கலாம். குனிந்து தேடக் கூடாது. டெடிங்டன் முதல் தேம்ஸ் தடுப்பணை வரை, கையால் கிளறாமல் கண்ணால் தேடுவதற்குக்கூட லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். நடப்பவன் எந்தக் கணத்தில் தேடுபவன் ஆகிறான் என்பது தத்துவத்தார் ஆராய வேண்டியது. 2022 நவம்பரில் புதிய உரிமம் வழங்குவதை ஆணையம் நிறுத்தி வைத்தது; பின்னர் திறந்த காத்திருப்போர் பட்டியலில் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். வரிசையில் நிற்பதை நாட்டுக் கலையாகவே வளர்த்தவர்கள் ஆதலின் இதில் முறையீடு குறைவு.

முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டது எது கிடைத்தாலும் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் காட்ட வேண்டும். அது புதையலா என்பது அடுத்த கேள்வி. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதன் பிந்தைய ஆணையும் சேர்த்துப் படித்தால் விளங்குவது: பொன், வெள்ளி அல்லாத வரலாற்றுக்கு முந்தைய உலோகப் பொருள், ஓரிடத்தில் இரண்டு கிடைத்தால் புதையல், ஒன்று கிடைத்தால் அன்று. மூவாயிரம் ஆண்டுப் பழைய வாள், துணையின்றி வந்தால், சட்டத்தின் கண்ணில் வெறும் வாள். 2023-இல் திருத்தம் வந்தது. இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டு, தனிச்சிறப்பு வாய்ந்தது என நிறுவப்பட்டால் ஒற்றைப் பொருளும் புதையலாகலாம். வாள் தன் சிறப்பை நிறுவ வேண்டும் என்றவாறு.

புதையலா இல்லையா என்று தீர்ப்பவர் கரோனர். ஐயத்துக்கிடமான மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரி. இடைக்காலத்தில் மன்னருக்கு வரவேண்டியவற்றைக் காக்க ஏற்பட்ட பதவி அது. பிணமும் புதையலும் ஒரே கணக்கில் அடங்கின. வாளைப் பொறுத்தவரை இரண்டு விசாரணையையும் ஒரே அமர்வில் முடிக்கலாம் என்ற சிக்கனம் இதில் உண்டு.

இத்தனை கட்டுப்பாடும் நீரில் வீழ்ந்த வாளுக்கே. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் திப்பு சுல்தானின் அந்தரங்க அறைகளில் எடுத்து, ஜெனரல் டேவிட் பெயர்டுக்குப் பரிசளிக்கப்பட்ட வாள், 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு விற்றது. தேம்ஸ் சேற்றை உற்றுப் பார்க்க உரிமம் வேண்டும்; இதற்குக் கையைத் தூக்கினால் போதும். சேற்றில் கிடந்த வாளின் உரியவன் யாரென்று தெரியாது ஆதலின் எச்சரிக்கை மிகுதி. உரியவன் யாரென்று தெரிந்த வாளில் அக்குழப்பம் இல்லை.

4. பிணி இயல்

வாளுக்கு நீர் பகை என்பது உலக வழக்கு. ஆய்ந்தால் வேறு தெரியும். தேம்ஸின் ஆழ்சேற்றில் உயிர்வளி இல்லை. உயிர்வளி இன்றித் துரு வளர்வது அரிது. அதனால்தான் ஆற்றுச் சேற்றிலிருந்து வரும் வெண்கலம் சில வேளை பச்சைக் களிம்பு ஏறாமல் பொன்பழுப்பாகவே வெளிவருகிறது. யாரும் துடைக்காமல், எண்ணெய் இடாமல், அறிக்கை எழுதாமல் மூவாயிரம் ஆண்டு நலமாக இருந்த வாளுக்கு, மீட்ட நாழிகையிலேயே நோய் தொடங்குகிறது.

இரும்புக்கு வரும் நோய் இது. ஊறிய துருவுக்குள், உலோகத்தை ஒட்டி, குளோரைடு உப்பு பதுங்கியிருக்கும். வாள் காயத் தொடங்கியதும் காற்றும் உப்பும் கூடிப் புதிய துருப்படிகம் உள்ளிருந்தே வளரும்; மேலடுக்கைத் தள்ளும்; அலகு ஏடு ஏடாக உரியும். எனவே ஈர வாளைக் கண்டவன் செய்யும் முதல் தவறு துடைத்து வெயிலில் வைப்பது. நனைந்த வாளை நனைந்தபடியே காக்க வேண்டும். மீட்டதை மீண்டும் நீரில் போடுவதே முதலுதவி என்பதில் முரண் காண்பார் உளர். வாள் அவர்கள் பக்கம்.

வெண்கலத்துக்கு வரும் நோய்க்கு வெண்கல நோய் என்றே பெயர். உள்ளே உறைந்த செம்புக் குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டதும் இளம்பச்சைப் பொடியாக வெடித்து வரும். அவ்வினையில் பிறக்கும் அமிலம் மீதிச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகும். சுழற்சி செம்பு தீரும் மட்டும் நிற்காது. 1890-களில் இதைத் தொற்றும் கிருமி என்று கருதியவர்கள் உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலோ உப்பின் வேலை என்று விளக்கினார். பேட்டர்சீ வரை வரும் நீரில் உப்புக் குறைவு ஆதலின், கடலில் வீழ்ந்த வாளைவிட அங்கே வீழ்ந்தது கொடுத்து வைத்தது.

மனிதக் காவல் நோயை வளர்க்கும் என்பதற்குப் பெருஞ்சான்று பிரிட்டிஷ் அருங்காட்சியகமே. முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி, அரும்பொருள்கள் பலவற்றை லண்டன் தெருவுக்கு அடியில், அஞ்சல்துறையின் சுரங்க ரயில்பாதையில் கொண்டு வைத்தார்கள். போர் முடிந்து எடுத்தபோது இரும்பு துருப்பிடித்திருந்தது; வெண்கலம் நோயுற்றிருந்தது; கல்லில் உப்புப் பூத்திருந்தது. குண்டு ஒன்றும் படவில்லை. வேதியியலாளர் அலெக்சாண்டர் ஸ்காட்டை அழைத்து ஆராயச் சொன்னார்கள்; 1920-இல் ஆய்வுக்கூடம் பிறந்தது. சென்னையும் பின்தங்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்து, எஸ். பரமசிவன் மண்ணுக்குள் நோயுற்ற செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் தேற்றினார். ஆற்றுக்குக் கொடுத்த வாளும், படையெடுப்புக்கு அஞ்சிப் புதைத்த நடராசரும் ஒரே வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

5. காப்பு இயல்

வைத்தியம் வருமாறு. முதலில் எக்ஸ்ரே. துருக்கட்டிக்குள் வாள் எவ்வளவு மிச்சம், கம்பி இழைப்பு உண்டா, அலகு முறுக்கிப் பற்றவைத்ததா என்பன அதில் தெரியும். சில வேளை வாளே மிச்சம் இல்லை என்பதும் தெரியும். அப்போது துருவையே வாளாகக் கொண்டு தொடர வேண்டும்.

இரண்டாவது ஊறல். இரும்பைக் காற்றுப் புகாத காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி, வெளிவரும் குளோரைடை அளந்துகொண்டே இருப்பார்கள். மூன்றாவது, நுண்ணோக்கியின் கீழ் சிறுகத்தியாலும் நுண்பொடிக் காற்றாலும் மேற்படிவை நீக்கல். வாளைச் செய்யக் கொல்லனுக்கு ஆன பொழுதைவிடச் சுரண்டுவோருக்கு ஆகும் பொழுது மிகுதி. ஆனால் கொல்லனுக்கு யாரும் அறிக்கை கேட்கவில்லை. நான்காவது, வெண்கலத்துக்குப் பென்சோட்ரையசோல் பூச்சு; 1967 முதல் இது வழக்கில் உள்ளது. ஐந்தாவது, மேலே பாராலாய்டு பி-72 என்னும் பிசின். பின்வருவோர் கரைத்து எடுக்கத்தக்கது என்பதே அதன் பெருமை. நம் வேலையை அடுத்த தலைமுறை தவறென்று காணும் என்பது இத்துறையில் உறுதியாக எதிர்பார்க்கப்படுகிறது.

இறுதியாக வாசம். உப்பு முற்றும் போகாது ஆதலின் ஈரப்பதத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். வெண்கலத்துக்கு 35 விழுக்காட்டை ஒட்டி. நோயுள்ள இரும்புக்கு 20-க்கும் கீழ். அத்தகைய காற்று லண்டனில் இல்லை, சென்னையிலும் இல்லை. எனவே மூடிய பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள், அளவுமானி, அதைப் பார்ப்பதற்கு ஓர் ஆள், அவர் விடுப்பில் போனால் இன்னோர் ஆள். நீரிலிருந்து மீட்ட பொருளை வாழ்நாள் முழுதும் காற்றிலிருந்து மீட்டுக்கொண்டே இருத்தல் காப்பு எனப்படும்.

வாளைக் காட்சிக்கு வைப்பதன் மதிப்பைப் பற்றி நம் முன்னோரிடமும் ஒரு முடிபு உண்டு. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பீலி அணிந்து, நெய் பூசி, காவலுக்குள் பளபளத்த அவற்றை அவர் பாராட்டினார். தம் மன்னனுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று வருந்தினார். புறநானூற்று உரைகாரர்கள் இதைப் பழிப்பு என்பர். இன்றைய காப்பியல் நோக்கில் பார்த்தால், நெய் பூசிய தொண்டைமான் செய்தது முறையான தடுப்புக் காப்பு. மயிற்பீலி மட்டும் பூச்சி வருமாதலின் நீக்கத்தக்கது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உலகின் மிகப் பெரிய தொண்டைமான் கொட்டில்; தூது வந்தோரைப் பேசவிடாமல் பார்க்க மட்டும் விடுவது அதன் கூடுதல் திருத்தம்.

6. நூற்பயன்

இந்நூலைக் கற்றோர் வாளை மீட்க வல்லவர் ஆவதோடு, எதிர்காலத்தார் மீட்கும்படி ஒன்றை விட்டுச் செல்லவும் வல்லவர் ஆவர். தேம்ஸில் ஏதேனும் இட விரும்பும் தமிழர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க. ஒன்றை இடாமல், அதே இடத்தில் இரண்டாக இடுக. ஒற்றைப் பொருளுக்குச் சட்டம் எளிதில் இரங்காது. பிளாஸ்டிக் தவிர்த்து வெண்கலமே கொள்க. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் பொறிக்க; ஓரிரு எழுத்து வரிசை மாறினால் ஆய்வேடு பல பிறக்கும். ஆண்டு பொறிக்க வேண்டா. பில்லியும் சார்லியும் அதில்தான் தடுமாறினார்கள். உங்கள் பெயரைப் பொறிக்கலாம். நீங்கள் உரியவரா கொல்லரா என்று ஓர் அறிஞர் குலமே வாழும். பாலத்தின் நடுவில் நின்று, ஓதம் ஏறும் வேளை, சேறு ஆழ்ந்த இடம் பார்த்து விடுக.

இத்தனையும் செய்தும் எவரும் கண்டெடுக்கவில்லையானால் வருந்த வேண்டா. வாள் நலமாக இருக்கிறது என்று பொருள்.